ஸ்லைடு கிட்டார் பாடாய்ப் படுத்தும்போது: அறிகுறி பார்த்து ட்யூனிங்கையும் கம்பியையும் சரிசெய்யும் வழி

விரலில் மாட்டிக் கம்பிகளின் மேல் வழுக்கும் குழாய்தான் ஸ்லைடு. அதைக் கொண்டு ப்ளூஸ் பழகத் தொடங்கியவர்கள் என்னிடம் கொண்டுவரும் கிட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே கதைதான். கையில் கிடைத்த கம்பியை முதலில் மாட்டிவிட்டார்கள். பிறகு பிடித்த பாடலைக் கேட்டு ட்யூனிங்கை மாற்றினார்கள். அதன் பிறகு எதுவும் சரியாக ஒலிக்கவில்லை. வரிசை நேர்மாறாக இருக்க வேண்டும். எந்த ட்யூனிங் என்பது முதலில் முடிவாகட்டும். கம்பியின் தடிமன் அதற்குப் பின்.

கீழே வரும் எல்லாவற்றுக்கும் நான்கு ட்யூனிங்குகள் போதும். ஓப்பன் என்றால், எந்தக் கம்பியையும் அழுத்தாமல் மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும். தடித்த ஆறாவது கம்பியிலிருந்து மெல்லிய முதல் கம்பி வரை இப்படி:

ஓப்பன் டி: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. ஸ்வரமாகச் சொன்னால் ச ப ச க ப ச.
ஓப்பன் ஈ: ஈ, பி, ஈ, ஜி ஷார்ப், பி, ஈ. அதே ச ப ச க ப ச, இரண்டு ஃப்ரெட் உயரத்தில். (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட்; ஒன்றிலிருந்து அடுத்தது வரை சுருதியில் ஒரு படி.)
ஓப்பன் ஜி: டி, ஜி, டி, ஜி, பி, டி. அதாவது ப ச ப ச க ப.
ஓப்பன் ஏ: ஈ, ஏ, ஈ, ஏ, சி ஷார்ப், ஈ. ஓப்பன் ஜியே இரண்டு ஃப்ரெட் மேலே.

ஆக, குடும்பங்கள் இரண்டுதான். பழைய ப்ளூஸ் கலைஞர்கள் முதல் குடும்பத்தை வெஸ்டபோல் என்றும், இரண்டாவதை ஸ்பானிஷ் என்றும் அழைத்தார்கள். எல்மோர் ஜேம்ஸ் ஓப்பன் டியில் வாசித்தார். டுவேன் ஆல்மன் ஓப்பன் ஈயில். சன் ஹவுஸ் ஓப்பன் ஜியில். கம்பிப் பொட்டலத்தில் 10, 11, 12 என்று போட்டிருப்பது முதல் கம்பியின் தடிமன். ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் அத்தனை பங்கு.

அறிகுறி 1: கம்பிகள் தொளதொளக்கின்றன, ஒலி சோனியாக இருக்கிறது

ஸ்லைடு பட்டதும் கம்பி அமுங்குகிறதா? ஒலி எழுந்த வேகத்தில் செத்துவிடுகிறதா? அழுத்திப் பறித்தால் சுருதி ஒரு கணம் மேலே போய்த் திரும்புகிறதா? இழுவிசை போதவில்லை.

*எந்த ட்யூனிங்கில் இருக்கிறீர்கள்?* ஓப்பன் டி என்றால் முதல், இரண்டாம், ஆறாம் கம்பிகளை இரண்டிரண்டு ஃப்ரெட் இறக்கியிருப்பீர்கள். மூன்றாவதை ஒரு ஃப்ரெட். இரண்டு ஃப்ரெட் இறக்கினால் இழுவிசையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. 25.5 அங்குல நீளமுள்ள எலெக்ட்ரிக் கிட்டாரில் 0.010 கம்பி ஈயில் சுமார் 7.3 கிலோ இழுக்கும். டிக்கு இறக்கினால் 5.8 கிலோதான். ஸ்லைடின் எடையைத் தாங்க அது போதாது.

*செலவில்லாத வழி:* ஓப்பன் டிக்குப் பதில் ஓப்பன் ஈக்குப் போங்கள். முதல், இரண்டாம், ஆறாம் கம்பிகளைத் தொட வேண்டாம். ஐந்தாவதையும் நான்காவதையும் இரண்டு ஃப்ரெட் ஏற்றுங்கள், மூன்றாவதை ஒரு ஃப்ரெட். விரல் அசைவுகள் எல்லாம் அப்படியே இருக்கும். 10 எண் செட் மாட்டிய எலெக்ட்ரிக் கிட்டார் இதைத் தாங்கும். அகூஸ்டிக் என்றால் முதலில் அறிகுறி 7-ஐப் படியுங்கள்.

*ஒரு செட் கம்பி விலையில் முடியும் வழி:* இரண்டு ஃப்ரெட் இறக்கினால் ஓர் எண் தடித்த செட் என்பது பழைய இழுவிசையை ஏறக்குறைய மீட்க மட்டுமே. 0.011 கம்பி டியில் சுமார் 7.1 கிலோ இழுக்கிறது, 0.010 ஈயில் இழுத்ததற்குச் சற்றுக் குறைவு. ஸ்லைடுக்கு இதற்கும் மேல் வேண்டும். டியில் 0.012 என்றால் 8.4 கிலோ, 0.013 என்றால் 9.9 கிலோ. நான் ஓப்பன் டிக்கு 0.013-க்குக் குறைவாக மாட்டுவதில்லை.

*தனித்தனிக் கம்பி வாங்கும் வழி:* இது பலருக்குத் தெரிவதில்லை, ஆனால் கேட்டவுடன் புரியும் வேறுபாடு இதில்தான் இருக்கிறது. ஓப்பன் டியில் நான்காம், ஐந்தாம் கம்பிகள் சாதாரண ட்யூனிங்கிலிருந்து அசைவதே இல்லை. 13 செட்டை அப்படியே மாட்டினால் அந்த இரண்டு மட்டும் இரும்புக் கம்பியாய் விறைத்து நிற்கும். இரண்டாவது இளகிக் கிடக்கும். ஸ்லைடை ஒரே அழுத்தத்தில் வைக்க முடியாது. ஓப்பன் டிக்கு நான் சேர்த்துக்கொள்ளும் வரிசை, முதல் கம்பியிலிருந்து: 0.013, 0.017, 0.020, 0.028, 0.038, 0.056. ஆறும் 9 கிலோவுக்கும் 10 கிலோவுக்கும் இடையில் வந்து நிற்கும். ஓப்பன் ஜியில் இறங்குபவை முதலாவது, ஐந்தாவது, ஆறாவது. எனவே அங்கே 0.013, 0.015, 0.019, 0.028, 0.042, 0.056. இந்த வரிசைகளில் மூன்றாவது கம்பி சுற்றில்லாத வெறுங்கம்பி என்பதைக் கவனியுங்கள்.

*நிபுணரிடம் போக வேண்டிய இடம்:* கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் பள்ளமிட்ட துண்டுதான் நட். 0.046 கம்பிக்கு வெட்டிய நட் பள்ளத்தில் 0.056 இறங்காது. கம்பி பள்ளத்துக்குள் உட்காராமல் விளிம்பில் ஏறி நிற்கிறதென்றால் பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும். அதற்கென்று அளவு அரங்கள் உண்டு. சமையலறைக் கத்தியால் முயலாதீர்கள். ஒரு தடவை ஆழமாகிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

அறிகுறி 2: ஸ்லைடு ஃப்ரெட்டில் கடகடவென்று தட்டுகிறது

முதலில் கையைச் சந்தேகியுங்கள், பிறகு கிட்டாரை. கம்பியை ஃப்ரெட் வரை அழுத்தும் பழக்கம் விரலில் ஊறியிருக்கும். ஸ்லைடில் அது கூடாது. ஸ்லைடு கம்பியின் மேல் தன் எடையில் கிடந்தால் போதும். ஒரே கம்பியில், மிக மெதுவாக, ஐந்தாவது ஃப்ரெட்டிலிருந்து பன்னிரண்டாவது வரை நகர்த்திப் பாருங்கள். தட்டல் நின்றால் கோளாறு கையில்தான் இருந்தது. ஒரு வாரம் இப்படிப் பழகினால் சரியாகிவிடும்.

நிற்கவில்லையா? எங்கே தட்டுகிறது என்று பாருங்கள்.

*முதல் நான்கு ஃப்ரெட்டுகளில் மட்டும்:* நட் தாழ்வாக இருக்கிறது. ஸ்லைடுக்கென்றே ஒரு கிட்டாரை ஒதுக்கியவர்கள் நட்டின் மேல் ஏற்றி வைக்கும் உலோக உயர்த்தியைப் பயன்படுத்தலாம். அதைப் பொருத்திய பிறகு அந்தக் கிட்டாரில் விரலால் வாசிக்க முடியாது. மடியில் கிடத்தி வாசிக்க மட்டுமே ஆகும். ஸ்லைடும் விரலும் கலந்து வாசிப்பவர் நட்டைத் தொடாமல், முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் அழுத்தத்தைக் குறைப்பதே நல்லது.

*கழுத்து முழுவதும்:* பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சேடிலை உயர்த்துங்கள். எலெக்ட்ரிக் கிட்டாரில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் கம்பி வழக்கமாக 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். அதை 2 முதல் 2.5 வரை ஏற்றுங்கள். கால் சுற்று, பிறகு வாசித்துப் பார்த்தல், மீண்டும் கால் சுற்று. விரலுக்குத் தாங்கும் உயரத்துக்கும் ஸ்லைடுக்குத் தேவையான உயரத்துக்கும் இடையில் ஓரிடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

*நடுக் கம்பிகளில் மட்டும், ஓரக் கம்பிகள் ஒலிக்காமல்:* கழுத்துப் பலகை வளைந்தது, ஸ்லைடு நேரானது. 7.25 அங்குல ஆரமுள்ள பழைய பாணிக் கழுத்தில் இது அதிகம். 12 அங்குலத்துக்கு மேல் குறைந்துவிடும். ஆறு சேடில்களும் தனித்தனியாக இருந்தால் ஓரக் கம்பிகளைச் சற்று ஏற்றி, கம்பிகளின் வரிசையைத் தட்டையாக்குங்கள். முழுவதும் தட்டையாக்க வேண்டியதில்லை.

*டியூன் இறக்கிய பிறகுதான் தொடங்கியது என்றால்:* இழுவிசை குறைந்ததால் கழுத்து பின்னால் நிமிர்ந்துவிட்டது. ஒரு கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கழுத்து உடலில் சேரும் ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லையென்றால் கழுத்தினுள் ஓடும் ட்ரஸ் ராடைத் தளர்த்த வேண்டும். மிதக்கும் ட்ரெமோலோ பிரிட்ஜ் (ஸ்பிரிங்குகளின் இழுவையில் நின்று, சுருதியை அசைக்க உதவுவது) உள்ள கிட்டாரில் இன்னொன்றும் நடக்கும்: இழுவிசை குறைந்ததும் ஸ்பிரிங்குகள் வென்று பிரிட்ஜ் பின்னால் அமர்ந்துவிடும், கம்பிகள் எல்லாம் தாழும். நீங்கள் எதையும் தொடாமலேயே கிட்டார் தாழ்ந்துபோனது போலிருக்கும்.

*நிபுணரிடம் போக வேண்டிய இடம்:* ட்ரஸ் ராடில் மொத்தம் கால் சுற்றுக்கு மேல் தேவைப்பட்டால், அல்லது அது இறுகி அசையாவிட்டால் நிறுத்துங்கள். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் தட்டுகிறது என்றால் அந்த ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. அதையும் நீங்களே சுத்தியலால் அடிக்கக் கூடாது.

அறிகுறி 3: டியூனர் சரி என்கிறது, காது இல்லை என்கிறது

காதை நம்புங்கள். இந்த அறிகுறிக்கு மூன்று காரணங்கள், மூன்றும் செலவில்லாதவை.

*ஸ்லைடு நிற்கும் இடம்.* விரல் ஃப்ரெட்டுக்குச் சற்றுப் பின்னால் அழுத்தும். ஸ்லைடு ஃப்ரெட் உலோகத்துக்கு நேர் மேலே நிற்க வேண்டும். பின்னால் நின்றால் சுருதி குறையும். மேலிருந்து சாய்வாகப் பார்க்கும்போது கண் ஏமாற்றும். சரியாக நிற்பதாகத் தோன்றும் ஸ்லைடு உண்மையில் தள்ளி நிற்கும். சோதனை எளிது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் விரலால் தொட்டும் தொடாமலும் ஹார்மானிக் எழுப்புங்கள். உடனே அதே இடத்தில் ஸ்லைடை வைத்துப் பறியுங்கள். இரண்டும் ஒன்றாக ஒலிக்கும் வரை ஸ்லைடை நகர்த்துங்கள். எங்கே ஒன்றுகிறதோ அந்த இடத்தைக் கண் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

*ஸ்லைடு கோணலாக இருப்பது.* ஒற்றைக் கம்பி சரி, மூன்று கம்பி சேர்ந்தால் புளிக்கிறது என்றால் இதுதான். ஸ்லைடு ஃப்ரெட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணாடி முன் அமர்ந்து பாருங்கள். சுண்டுவிரலில் மாட்டும்போது மணிக்கட்டு உள்ளே மடிந்தால் பெரும்பாலும் ஸ்லைடு கோணலாகிறது.

*காந்தாரம்.* எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, எனவே சற்று நின்று சொல்கிறேன். ஸ்லைடு இல்லாமல் வெறும் கம்பிகளை மட்டும் மீட்டியும் கரிக்கிறதென்றால், ஓப்பன் டி, ஈயில் மூன்றாம் கம்பியையும், ஓப்பன் ஜி, ஏயில் இரண்டாம் கம்பியையும் பாருங்கள். அந்தக் குடும்பங்களின் காந்தாரம் அங்கேதான் இருக்கிறது. டியூனர் காட்டும் காந்தாரம், ஷட்ஜத்தோடு இயல்பாக இழையும் காந்தாரத்தைவிட 14 சென்ட் கூடுதல். ஒரு ஃப்ரெட் இடைவெளியின் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட். தம்புரா கேட்டுப் பழகிய காதுக்கு அந்த 14 சென்ட் நன்றாகவே உறுத்தும். மற்ற ஐந்து கம்பிகளை டியூனரில் வையுங்கள். காந்தாரக் கம்பியை மட்டும் காதால், மெல்ல இறக்கிக்கொண்டே மற்றவற்றோடு சேர்த்து மீட்டுங்கள். நடுக்கம் அடங்கி, ஒலி ஒரே தாளாக விரிகிற இடம் வரும். அங்கே நிறுத்துங்கள். ஸ்லைடு நேர்க்கோட்டுத் தண்டு என்பதால் எந்த ஃப்ரெட்டுக்கு நகர்த்தினாலும் இந்த இழைவு கூடவே வரும். இடையிடையே விரலால் கார்டு பிடிப்பவர்கள் பாதியளவு, அதாவது 6, 7 சென்ட் மட்டும் இறக்கினால் இரண்டு பக்கமும் சமாளிக்கலாம்.

அறிகுறி 4: கம்பி சரி, சுருதியும் சரி, ஆனால் பாட்டு கையில் உட்கார மறுக்கிறது

கேட்ட பாட்டின் முக்கிய வரி மெல்லிய கம்பியில் ஷட்ஜத்தில் வந்து விழுகிறதா? பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அந்தக் கத்தும் ஒலி கேட்கிறதா? டி, ஈ குடும்பத்துக்குப் போங்கள்; அங்கே முதல் கம்பி ச. அடியில் ஐந்தாம் கம்பி ஷட்ஜமாக முழங்க, மேலே வரி பஞ்சமத்தைச் சுற்றி நகர்கிறதா? ஜி, ஏ குடும்பம். தவறான குடும்பத்தில் தேடினால் எத்தனை மணி நேரம் உழைத்தாலும் அந்த வரி விரலுக்குள் வராது. பலர் இங்கே தங்கள் திறமையைச் சந்தேகித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். அது வருத்தம் தருகிறது.

பாட்டு சோக மைனரில் இருந்து, உங்கள் திறந்த கம்பிகளின் மேஜர் காந்தாரம் குறுக்கே வந்து கெடுக்கிறதென்றால், காந்தாரக் கம்பியை ஒரு ஃப்ரெட் இறக்குங்கள். டி, ஏ, டி, எஃப், ஏ, டி. ப்ளூஸ் பாடகர் ஸ்கிப் ஜேம்ஸின் குரலோடு சேர்ந்து ஒலித்த மைனர் ட்யூனிங் இந்த வகைதான். இறக்க மனமில்லையென்றால் அந்தக் கம்பியைத் தொடாமல் தாண்டி வாசிக்கப் பழகலாம்.

அறிகுறி 5: ட்யூனிங் நிற்பதில்லை

*கம்பியை முறுக்கும் கீயைத் திருப்பும்போது ‘டிக்’ என்று ஒலித்துச் சுருதி தாவுகிறது:* நட் பள்ளத்தில் கம்பி சிக்குகிறது. கம்பியை விலக்கி, பென்சில் முனையைப் பள்ளத்தில் நன்றாகத் தேய்த்துக் கரியைப் படிய விடுங்கள். தடித்த கம்பி மாட்டிய பிறகே இது தொடங்கியதென்றால் பள்ளம் குறுகல். அறிகுறி 1-இல் சொன்ன அரவேலைக்குக் கொடுங்கள்.

*இறக்கிய கம்பி மெல்ல மேலே ஏறிக்கொண்டே போகிறது:* தேவையான சுருதிக்கும் கீழே கொண்டுபோய், அங்கிருந்து மேலே ஏற்றி நிறுத்துங்கள். எப்போதும் ஏற்றத்தில் முடியட்டும், இறக்கத்தில் அல்ல.

*ஒரு கம்பியைச் சேர்த்தால் மற்றவை விலகுகின்றன:* மிதக்கும் பிரிட்ஜ். ஆறு கம்பிகளையும் மூன்று நான்கு சுற்று திருத்தினால் அடங்கும். அடிக்கடி ட்யூனிங் மாற்றுபவர் பின்புற ஸ்பிரிங் திருகுகளை இறுக்கி, தேவையென்றால் ஒரு ஸ்பிரிங் சேர்த்து, பிரிட்ஜ் தகட்டை உடலின் மேல் படிய வைத்துவிடுவது நல்லது. ட்ரெமோலோவை மேலே இழுக்க முடியாமல் போகும். ஸ்லைடு கையில் இருக்கும்போது அதிர்வைக் கையே கொடுத்துவிடும்.

அறிகுறி 6: கம்பி அறுந்துகொண்டே இருக்கிறது

அறுந்த துண்டை எறியாதீர்கள். எங்கே அறுந்தது என்பதே பதில். சேடிலில் என்றால் அங்கே பிசிர் இருக்கிறது; 600 எண் உப்புத்தாளால் மென்மையாகத் தேயுங்கள். கீயின் தண்டில் என்றால் துளை விளிம்பு கூர்மை. ஒரே கம்பி ஒரே இடத்தில் மூன்று முறை அறுந்தால் கிட்டாரைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

தடித்த வெறுங்கம்பி மாட்டினால் அறாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. தடிமன் கூடினால் வலிமையும் கூடும், அதே விகிதத்தில் இழுவிசையும் கூடும். அறுவதைத் தீர்மானிப்பது சுருதியின் உயரமும் கம்பியின் நீளமும். அதனால் ஓப்பன் ஏக்காக இரண்டாம் கம்பியை சி ஷார்ப்புக்கு ஏற்ற யாரும் அஞ்ச வேண்டாம். முதல் கம்பி அதைவிட உயரமான ஈயில் எப்போதும் நிற்கிறதே.

ஆறாவதும் ஐந்தாவதும் அறுகின்றனவா? ஜி, பி, டி, ஜி, பி, டி என்ற வரிசையைப் பார்த்து டியூன் செய்தீர்களா என்று சரிபாருங்கள். அதுவும் ஓப்பன் ஜிதான். ஆனால் மடியில் கிடத்தி வாசிக்கும் சதுரக் கழுத்துக் கிட்டாருக்கு உரியது. ஆறாவதை மூன்று ஃப்ரெட்டும் ஐந்தாவதை இரண்டு ஃப்ரெட்டும் ஏற்றச் சொல்லும். சாதாரணக் கழுத்தில், ப்ளூஸ் செட்டில் வேண்டாம்.

அறிகுறி 7: அகூஸ்டிக் கிட்டாரின் முன்பலகை உப்புகிறது, பிரிட்ஜ் எழும்புகிறது

வாசிப்பதை நிறுத்துங்கள். உடனே எல்லாக் கம்பிகளையும் நான்கைந்து ஃப்ரெட் அளவுக்குத் தளர்த்துங்கள். பிரிட்ஜின் பின் விளிம்பில் மெல்லிய காகிதத்தைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விடத் தொடங்கிவிட்டது. இதில் நீங்களே செய்வதற்கு எதுவும் இல்லை. பசைக்குழாயோடு உட்காராமல் கிட்டார் செய்பவரிடம் கொண்டுபோங்கள்.

காரணம் பெரும்பாலும் 13 செட்டை மாட்டி ஓப்பன் ஈ அல்லது ஏக்கு ஏற்றியதுதான். முதல் கம்பி மட்டுமே ஈயில் 12 கிலோவுக்கு மேல் இழுக்கும். அதன்மேல் வேறு மூன்று கம்பிகளையும் ஏற்றுகிறோம். அகூஸ்டிக்கில் ஓப்பன் டி அல்லது ஜியில் வைத்து, இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடுங்கள். ஈயும் ஏயும் கிடைத்துவிடும், பலகையும் பிழைக்கும்.

அறிகுறி 8: ஸ்லைடுக்குப் பின்னால் இரண்டாவது ஒலி கேட்கிறது

ஸ்லைடுக்கும் நட்டுக்கும் இடையில் உள்ள கம்பித் துண்டும் அதிர்கிறது. ஸ்லைடு எந்த விரலில் இருக்கிறதோ அதற்குப் பின்னால் உள்ள விரலைக் கம்பிகளின் மேல் இலேசாகப் படர விடுங்கள். மோதிர விரலிலோ சுண்டுவிரலிலோ ஸ்லைடை அணிவதன் முக்கியப் பயன் இதுதான். நடுவிரலில் அணிந்தால் ஆள்காட்டி விரல் ஒன்றுதான் மிச்சம். வலக்கை விரல்கள், வாசிக்காத கம்பிகளின் மேல் ஓய்வெடுக்கட்டும்.

அறிகுறி 9: ரெசனேட்டர் கிட்டார் உள்ளேயிருந்து கிறுகிறுக்கிறது

ரெசனேட்டரில் ஒலியைப் பெருக்க உள்ளே இருக்கும் அலுமினியக் கூம்பு, கம்பிகள் கீழ்நோக்கி அழுத்தும் அழுத்தத்தால்தான் தன் இடத்தில் அமர்ந்திருக்கிறது. மெல்லிய செட்டை மாட்டி ஓப்பன் ஜிக்கு இறக்கினால் அந்த அழுத்தம் போய்விடும், கூம்பு அதிரும். முதலில் 13-க்குக் குறையாத செட்டை மாட்டிப் பாருங்கள். மூடித் தகட்டின் திருகுகள் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். இரண்டும் செய்தபின் இன்னும் கிறுகிறுத்தால் மூடியைத் திறந்து கூம்பைத் தொட வேண்டாம். விரல் நுனி அழுத்தத்திலேயே அது நெளிந்துவிடும். அதைத் திறந்து பழகியவரிடம் கொடுங்கள். எந்த ட்யூனிங்கில், எந்தத் தடிமனில் வாசிக்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கிட்டாரோடு வைத்து அனுப்புங்கள். அந்த விவரம் இல்லாவிட்டால் அவர் சாதாரண ட்யூனிங்குக்குச் சரிசெய்து அனுப்பிவிடுவார்.